பட்டன், மெனு, பாப்அப்: ஓப்பன் சோர்ஸ் காம்போனென்ட் லைப்ரரியில் தன்னார்வலர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள்?

இணையத்தில் ஏதோ ஒரு படிவத்தை நிரப்பும்போது, பிறந்த தேதிக் கட்டத்தைத் தொட்டதும் ஒரு குட்டி நாட்காட்டி விரிகிறதே, அதை அந்தத் தளத்தை நடத்துகிறவர்களே உட்கார்ந்து எழுதியிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. பெரும்பாலும் அது வேறெங்கிருந்தோ எடுத்து வைத்ததாகத்தான் இருக்கும். பட்டன், மெனு, எச்சரிக்கைப் பெட்டி, பக்கத்தை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும் பாப்அப் என்று எல்லாத் தளங்களுக்கும் திரும்பத் திரும்பத் தேவைப்படும் துண்டுகளை ஒருமுறை ஒழுங்காகச் செய்து, வேண்டியவர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்ளட்டும் என்று கட்டி வைத்திருக்கும் தொகுப்புக்குத்தான் காம்போனென்ட் லைப்ரரி என்று பெயர். ஒவ்வொரு துண்டும் ஒரு காம்போனென்ட். அவ்வளவுதான்.

யோசனை பழையதுதான். 1990களின் நடுவில் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளை எழுதினார்கள். பட்டனுக்கும் ஜன்னலுக்கும் அவர்கள் முதலில் பயன்படுத்திய மோட்டிஃப் என்ற கருவித்தொகுப்புக்கு அப்போது உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அது சரிப்பட்டு வராததால் தங்களுக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டார்கள். அதுதான் ஜிடிகே. பின்னால் க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பே அதன் மேல் எழுந்தது. இணையப் பக்கங்களுக்கு வந்தால், ட்விட்டர் நிறுவனத்துக்குள் உள்வேலைக்காகத் தொடங்கிய பூட்ஸ்ட்ராப் 2011 ஆகஸ்டில் பொதுவில் வந்தது, 2014இல் மெட்டீரியல் யுஐ தொடங்கியது, ஆன்ட் குழுமத்திலிருந்து ஆன்ட் டிசைன் வந்தது, இன்னும் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவை இருக்கின்றன.

நான் சொன்ன இணைய லைப்ரரிகள் மூன்றும் ஓப்பன் சோர்ஸ், அதாவது அவற்றின் கோடை (நிரல் வரிகளை) யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். மூன்றும் எம்ஐடி என்ற உரிமத்தில் கிடைக்கின்றன. அந்த உரிமம் ஒரு பக்கம்கூட வராது. எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் எங்கள் பதிப்புரிமைக் குறிப்பையும் இந்த உரிமத்தையும் நீக்காமல் கூடவே வை என்கிறது. அதிலேயே பெரிய எழுத்துகளில் இன்னொன்றும் இருக்கிறது: எந்த உத்தரவாதமும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைத்தான் கவனிப்பதில்லை. எழுதிக் கொடுத்தவர் உங்களுக்கு எதுவும் கடன்பட்டவரில்லை, உங்கள் பிழையை நாளைக்குள் திருத்தித் தரவேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை. இது மனதில் பதிந்துவிட்டால், தன்னார்வலர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஏன் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள், ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதெல்லாம் தானாகவே புரிய ஆரம்பிக்கும்.

சரி, வேலை எப்படி நடக்கிறது? ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம்.

ஒருவர் மவுஸ் பயன்படுத்துவதில்லை, கீபோர்டு மட்டும்தான். டேப் விசையை அழுத்தி அழுத்தி, பட்டியலின் ஒரு வரிசையில் இருக்கும் 'நீக்கு' என்ற பட்டனுக்குப் போகிறார், என்டர் அழுத்துகிறார், 'நிச்சயமாக நீக்கலாமா?' என்று ஒரு பாப்அப் வருகிறது, வேண்டாம் என்று எஸ்கேப் அழுத்தி மூடுகிறார். மூடியதும் ஃபோகஸ், அதாவது கீபோர்டின் கவனம் இப்போது எங்கே இருக்கிறது என்ற குறி, காணாமல் போய்விடுகிறது. அடுத்த முறை டேப் அழுத்தினால் பக்கத்தின் உச்சிக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மவுஸ் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது. திரைவாசிப்பான் கொண்டு பக்கத்தைக் காதால் கேட்டு நகர்கிறவருக்கோ நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அவர் கிட்ஹப்பில் (கோடை வைத்துப் பலரும் சேர்ந்து வேலை செய்யும் தளம்) அந்த லைப்ரரியின் பக்கத்துக்குப் போய் ஒரு இஷ்யூ திறக்கிறார். இஷ்யூ என்றால் புகார், கோரிக்கை, கேள்வி எல்லாம் வந்து விழும் பொதுப் பதிவேடு. 'உங்கள் பாப்அப் வேலை செய்யவில்லை' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. நல்ல இஷ்யூவில் எந்தப் பதிப்பு, எந்த பிரவுசர், என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்பது இருக்கும். அத்தோடு, தன் பெரிய புராஜெக்டிலிருந்து மற்ற எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டனும் ஒரு பாப்அப்பும் மட்டும் வைத்து அதே பிழையைக் காட்டும் சின்ன மாதிரியும் இருக்கும். இந்த மாதிரியைச் செய்வதற்குள்ளேயே பாதிப் பேருக்குப் பிழை தங்கள் பக்கம்தான் என்று தெரிந்துவிடும், இஷ்யூ திறக்க வேண்டிய வேலையே இருக்காது.

இப்போது வேறொருவர் அந்த இஷ்யூவைப் பார்க்கிறார். அவர் வேறு நாட்டில், வேறு நேர மண்டலத்தில் இருக்கலாம், இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இருக்காது. தன் மெஷினில் அந்த மாதிரியை ஓட்டிப் பார்த்து 'ஆமாம், எனக்கும் வருகிறது' என்று எழுதுகிறார். இதற்கு ட்ரையாஜ் என்று பெயர். கோடு ஒரு வரிகூட எழுதாமல் செய்யக்கூடிய, மிகவும் பயனுள்ள வேலை. மூன்றாவது ஒருவர் 'நான் எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டுவிட்டு, மொத்தக் கோடையும் தன் கணக்கில் ஒரு நகல் எடுத்து (இதுதான் ஃபோர்க்), அதில் தனியாக ஒரு பிராஞ்ச் (கிளை) போட்டுத் திருத்துகிறார். திருத்தியதை மூல இடத்துக்கு 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்புகிறார். அந்த விண்ணப்பம்தான் புல் ரிக்வெஸ்ட்.

திருத்தம் சின்னதுதான்: பாப்அப் திறக்கும்போது ஃபோகஸ் எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள், மூடும்போது அங்கேயே திருப்பி அனுப்பு. அனுப்பிய உடனே தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன. கோடு அந்த லைப்ரரியின் நடைக்கு ஏற்ப இருக்கிறதா, பழைய சோதனைகள் எதுவும் உடையவில்லையா என்பதோடு, பல லைப்ரரிகளில் ஒவ்வொரு காம்போனென்ட்டின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடும் சோதனையும் உண்டு. எல்லாம் பச்சை, அதாவது எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். இனிமேல்தான் ஆரம்பம்.

ரிவ்யூ செய்கிறவர், அதாவது திருத்தத்தைப் படித்துச் சரிபார்க்கிறவர், ஒரு கேள்வி கேட்கிறார்: 'அந்த ஆள் வேண்டாம் என்று மூடாமல், ஆமாம் நீக்கு என்று சொல்லிவிட்டால்? அப்போது அந்த வரிசையே பட்டியலிலிருந்து போய்விடும், நீக்கு பட்டனும் சேர்ந்தே போய்விடும். ஃபோகஸை எங்கே திருப்பி அனுப்புவீர்கள்?' நியாயமான கேள்வி. அடுத்த வரிசைக்கா, பட்டியலின் தலைப்புக்கா? இது லைப்ரரி முடிவு செய்ய வேண்டியதா, அதைப் பயன்படுத்துகிறவர் சொல்ல வேண்டியதா? பயன்படுத்துகிறவர்தான் சொல்ல வேண்டும் என்றால் அதற்கு ஒரு புதிய அமைப்பு (செட்டிங்) வைக்க வேண்டும், அதற்குப் பெயர் வைக்க வேண்டும், ஆவணத்தில் எழுத வேண்டும். இன்னொருவர் வந்து, பிரவுசர்களிலேயே டயலாக் என்ற எச்டிஎம்எல் உறுப்பு (பாப்அப்புக்கென்றே இணையப் பக்க மொழியில் உள்ள துண்டு) 2022இலிருந்து எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் இந்தக் கோடில் பாதி தேவையில்லையே என்கிறார். அதுவும் சரிதான், ஆனால் அப்படி மாற்றினால் பழைய பாப்அப்பின் மேல் அலங்காரம் செய்து வைத்திருக்கும் எல்லாருடைய தளமும் கோணலாகிவிடும் என்கிறார் நான்காமவர். திருத்தம் ஒரு சாயங்கால வேலை. பேச்சு சில வாரங்கள் ஓடும். என்னைக் கேட்டால் அந்தப் பேச்சுதான் உண்மையான வேலை, கோடு அதன் மிச்சம்.

பேசி முடிவானதும், மெயின்டெய்னர் எனப்படும் பொறுப்பாளர்களில் ஒருவர் அதை மெர்ஜ் செய்கிறார். சேர்க்கும் அதிகாரம் அவர்கள் கையில் மட்டும்தான். எத்தனையோ பேர் ஒன்றிரண்டு முறை வந்து பங்களித்துவிட்டுப் போவார்கள். நிலையாக உட்கார்ந்து ரிவ்யூ செய்து, புதிய பதிப்பு வெளியிட்டு, திட்டும் வாங்குகிற ஆட்கள் பெரும்பாலான லைப்ரரிகளில் ஒரு கைவிரல்களில் எண்ணிவிடக்கூடியவர்கள்தான். பெரிய லைப்ரரிகளில் சிலருக்கு அதுவே சம்பள வேலை, பின்னால் நிறுவனம் இருக்கும். சின்ன லைப்ரரிகளில் வேறு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தூங்குவதற்கு முன் பார்க்கிறவர்கள்.

அடுத்து, எல்லாரையும் கோபப்படுத்தும் விஷயம். நல்ல யோசனைகளுக்கு ஏன் 'வேண்டாம்' என்று சொல்கிறார்கள்?

பட்டனுக்கு உருண்டையான மூலை வேண்டும் என்று ஒருவர் ஒரு புதிய அமைப்பைச் சேர்த்து அனுப்புகிறார் என்று வையுங்கள். கோடு சுத்தம், சோதனையும் எழுதியிருக்கிறார். இருந்தும் மூடிவிடுகிறார்கள். காரணம் இதுதான்: அந்த அமைப்பு ஒருமுறை வெளியே போய்விட்டால் அது எல்லாருக்கும் கொடுத்த வாக்கு. எழுதியவர் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார், ஆனால் அந்த அமைப்பு இருண்ட தீமிலும், பெரிய எழுத்திலும், வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழியிலும், இனி வரப்போகும் ஒவ்வொரு பதிப்பிலும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் வேறு ஆள்.

ஒரு பெயர் எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு பூட்ஸ்ட்ராப்பே சாட்சி. அதில் ஓரங்களில் இடம் விடும் வகுப்புகளுக்கு (கிளாஸ், ஒரு துண்டு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் பெயர்) 'இடது', 'வலது' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். அரபு, எபிரேய மொழிகளில் பக்கம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்புகிறது. அங்கே இடது என்ற பெயருக்கே பொருள் இல்லை. 2021 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பில் அவற்றை 'தொடக்கம்', 'முடிவு' என்ற பொருள் வரும் பெயர்களாக மாற்றினார்கள். சரியான முடிவுதான். ஆனால் நான்காம் பதிப்பிலிருந்து ஏறிய ஒவ்வொரு தளத்திலும் யாராவது உட்கார்ந்து அந்தப் பழைய பெயர்களைத் தேடித் தேடி மாற்ற வேண்டியிருந்தது.

இதனால்தான் பதிப்பு எண்களுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள், செமாண்டிக் வெர்ஷனிங் என்று. மூன்று எண்கள்: கடைசி எண் ஏறினால் பிழைத் திருத்தம், நடு எண் ஏறினால் புதிய வசதி, முதல் எண் ஏறினால் பழையது ஏதோ உடையப் போகிறது, ஆவணத்தைப் படித்துவிட்டு ஏறு என்று பொருள். நடைமுறையில், நேற்று வரை பிழையாக இருந்ததையே நம்பித் தளம் கட்டியவர்களும் இருப்பார்கள், அவர்களுக்குத் திருத்தமே உடைசலாகத் தெரியும். இதற்கு எந்த எண்ணும் மருந்தில்லை.

நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 டிசம்பர் 25 ஒரு நல்ல உதாரணம். அன்று ஆன்ட் டிசைன் பயன்படுத்திய தளங்களில் பட்டன்களின் தலையில் பனி படிந்தது போல ஒரு அலங்காரம் தானாக வந்து உட்கார்ந்தது. சில மாதங்களுக்கு முன்பே விளையாட்டாகக் கோடில் சேர்த்து, அந்தத் தேதிக்குக் காத்திருக்கும்படி வைத்திருந்தார்கள். கோடு திறந்துதான் கிடந்தது, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், ஆனாலும் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் பார்த்திருக்கவில்லை. தங்கள் நிறுவனத் தளத்தில் இது எப்படி வந்தது என்று மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறியவர்கள் கொதித்துப் போனார்கள். லைப்ரரிக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு, அதை நீக்கிய பதிப்பை வெளியிட்டார்கள். நூறு வரிக்கும் குறைவான திருத்தத்துக்கு இத்தனை கேள்வியா என்று ரிவ்யூவில் எரிச்சல் வரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

கோடு எழுதத் தெரியாதவர்களுக்கு இதில் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். ஆவணத்தைப் படித்து 'இந்த உதாரணம் இப்போது ஓடவில்லை' என்று சொல்வதற்குப் புதியவரை விடத் தகுதியானவர் கிடையாது, பழகியவர்கள் ஆவணத்தைத் திறப்பதே இல்லை. நிறம் தெரிந்த டிசைனர் வந்து, சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து, டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாடுகூட இல்லை என்று காட்டலாம். விண்டோஸில் ஓடும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். அதை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மெனுவைத் திறந்து மூடிப் பார்த்தாலே எழுதுவதற்கு ஒரு இஷ்யூ கிடைத்துவிடும்.

அப்புறம் மொழி. இதில் நமக்கு ஒரு தனி வசதி இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கோடை எழுதுகிறவர்களில் நிறையப் பேர் லத்தீன் எழுத்தில் மட்டும்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் என்ற இணைய நிரல்மொழியில் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'இன்னும் இத்தனை எழுத்து மிச்சம்' என்று காட்டும் கட்டங்களில் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும், இடையில் வெட்டினால் குறி தொங்கும். வரி உயரம் குறைவாக வைத்த பட்டனில் புள்ளியும் சுழியும் மேலே வெட்டுப்படும். மூன்று சொல்லில் முடியும் என்று அகலம் அளந்து வைத்த மெனுவில் நம் நீண்ட சொற்கள் அடுத்த வரிக்கு ஓடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த எழுத்துரு, எந்த பிரவுசர் என்று குறிப்போடு அனுப்பினால் பெரும்பாலான மெயின்டெய்னர்கள் நன்றியோடுதான் வாங்கிக்கொள்வார்கள், அவர்களால் தாமாகப் பார்க்க முடியாத பிழை இது.

முதல்முறை போகிறவருக்கு நடைமுறையாகச் சில. பல லைப்ரரிகளில் 'கான்ட்ரிப்யூட்டிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும், எப்படிப் பங்களிப்பது என்று அவர்களே எழுதி வைத்தது, முதலில் அதைப் படியுங்கள். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற குறி போட்டவை புதியவர்களுக்கென்று ஒதுக்கியவை, ஆனால் பிரபலமான லைப்ரரிகளில் அவை போட்டவுடன் பறந்துவிடும், கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. நீங்களே பயன்படுத்துகிற லைப்ரரியில் உங்களுக்கே தட்டுப்பட்ட குறையை எடுத்துக்கொண்டு போவதுதான் எப்போதும் மேல், ஏனென்றால் ரிவ்யூவில் கேள்வி வரும்போது பதில் உங்களிடம் இருக்கும். பெரிய மாற்றம் என்றால் எழுதுவதற்கு முன் கேளுங்கள். ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு விஷயம் மட்டும். போகிற போக்கில் நாலு கோப்புகளில் இடைவெளிகளைச் 'சரி' செய்து வைத்தால் ரிவ்யூ செய்கிறவர் எது திருத்தம், எது அலங்காரம் என்று தேட வேண்டியிருக்கும். சில இடங்களில் உரிம ஒப்பந்தம் ஒன்றில் ஒப்புதல் கேட்பார்கள், அதைப் படித்துப் பாருங்கள். நீங்கள் எழுதும் கோடு உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

எண்ணிக்கைக்காகச் செய்யாதீர்கள். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் அக்டோபர் மாதம் சில புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் முன்பு டிஷர்ட் தந்துகொண்டிருந்தார்கள். 2020இல் அதற்காக ஆவணத்தில் ஒரு சொல்லை மட்டும் ஒட்டி அனுப்பிய குப்பை வந்து குவிந்ததில், நிகழ்வு தொடங்கிய சில நாட்களிலேயே, சம்மதம் தெரிவித்த புராஜெக்ட்களில் அனுப்புவது மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கருவியைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ரிவ்யூவில் 'இந்த வரி ஏன்?' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவேண்டும்.

பதில் வராமல் போவதும் சகஜம். வாரக்கணக்கில் அமைதியாக இருந்தால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். தினமும் தட்டக் கூடாது. மெயின்டெய்னர் களைத்துப் போவது வெறும் மன வருத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட அதன் விவகாரத்தில், கிட்டத்தட்டத் தனி ஆளாக அதைக் கவனித்து வந்தவரைச் சிலர் 'ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள்' என்று அழுத்தினார்கள், உதவிக்கு வந்தது போல வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராக இருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு, கடைசியில் பின்வாசல் (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) ஒன்றை உள்ளே வைத்தார். அது இடைமுக லைப்ரரி இல்லை, ஆனால் ஆள் பற்றாக்குறையும் அவசரப்படுத்துகிறவர்களும் எங்கும் ஒன்றுதான். பணம் கொடுத்து உதவ கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், ஓப்பன் கலெக்டிவ் போன்ற வழிகள் இருக்கின்றன. பணத்தை விட அரிதாகக் கிடைப்பது, அடுத்தவருடைய புல் ரிக்வெஸ்ட்டை நிதானமாகப் படித்துப் பார்க்கும் ஆள்.

எந்த லைப்ரரியில் சேரலாம் என்று பார்க்கும்போது கிட்ஹப்பில் பிடித்தவர்கள் போடும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். மூடிய புல் ரிக்வெஸ்ட் பட்டியலைத் திறந்து, கடைசியாக வெளியாள் ஒருவருடையது எப்போது மெர்ஜ் ஆனது என்று பாருங்கள். சேர்க்காமல் மூடியவற்றில் இரண்டு மூன்றைப் படியுங்கள்: காரணம் சொல்லி மூடியிருக்கிறார்களா, சும்மா மூடியிருக்கிறார்களா, கேள்வி கேட்ட புதியவரிடம் எப்படிப் பேசியிருக்கிறார்கள்? ஒரு வருடமாக எதுவுமே நகரவில்லை, உங்களுக்கோ அந்த லைப்ரரி வேண்டும் என்றால், உரிமம் அனுமதிப்பதால் ஃபோர்க் செய்து வேறு பெயரில் நீங்களே நடத்தலாம். அப்படிச் செய்தால் அடுத்த நாளிலிருந்து 'உங்கள் பாப்அப் வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரி இஷ்யூ உங்களுக்கு வர ஆரம்பிக்கும்.